பாட்டுக் கூட்டத்து ஊமைப் பெண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் அடையாற்றுக்கு அப்பால் ஒரு கடலோரக் குப்பத்தில் நான் ஒரு பிற்பகல் முழுவதும் ஊமையாக இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பேச ஆரம்பித்தால் அடுப்பில் சோறு குழைந்து போவதுகூடத் தெரியாமல் பேசுகிறவள் நான். ஆனாலும் நடந்தது இதுதான்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. என் படிப்பும் அதோடு சரி. மிச்சமெல்லாம் ஜனங்களின் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். எங்கள் பள்ளியில் ஒரு பாடகர் குழு இருந்தது. அந்த வருஷம் ரயிலேறி மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டே கடைசியில் பட்டணம் வந்து சேர்ந்தோம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.

ஞாயிறு மாலை மயிலாப்பூரில் கடலை ஒட்டிய ஒரு கோயிலில் எங்கள் கடைசி ஆராதனை. பாட்டெல்லாம் இங்கிலீஷ். ஒரே ஒரு கீர்த்தனை மட்டும் தமிழ். அதில் நடுச் சரணத்தை ஒருத்தி தனியாகப் பாட வேண்டும். எங்கள் பாட்டு வாத்தியார் அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். பனை ஏறிப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பாட்டா என்று குழுவுக்குள்ளேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. அதனால் அந்தச் சரணத்தை நான் எப்படியாவது பாடியே ஆக வேண்டும் என்று ஒரு வைராக்கியம் எனக்கு. ஆனால் திருச்சியிலேயே சளி பிடித்துவிட்டது. சென்னை வந்து சேர்ந்தபோது என் தொண்டையிலிருந்து வந்தது துருப்பிடித்த கீல் சத்தம்.

எங்கள் குழுவில் வாய்ப்பூட்டு என்று ஒரு வழக்கம் இருந்தது. தொண்டை கெட்டவள் மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாட்டு நேரம் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுத்தாலும் பூட்டு உடைந்தது என்று பொருள். பாட்டு வேறொருத்திக்குப் போய்விடும். முந்தின வருஷம் ஒருத்தி தேள் தேள் என்று கத்திவிட்டுத் தன் பாட்டை இழந்தாள். அவளுக்காக அன்று பாடியவளே என் சரணத்துக்கும் தயாராக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "ஏட்டி, ஒரு தும்மல் போடேன், நான் பாடிக்கிடுதேன்" என்று காலையில்கூடக் கேலி செய்தாள். நான் முறைத்ததோடு சரி.

காலை ஆராதனையில் உதட்டை மட்டும் அசைத்தேன். அது முடிந்ததும் ஊர் சுற்றல். பட்டணத்துக்காரர்கள் மிருகக் காட்சிசாலைக்கு உயிர்க் காலேஜ் என்றும், மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். அவற்றை முந்தின நாளே பார்த்தாகிவிட்டது. ஓய்வு நாளில் மனுஷன் செய்ததைப் பார்க்கக் கூடாது, கடவுள் செய்ததைப் பார்க்கலாம் என்று எங்கள் விடுதித் தலைவி மிஸ்ஸியம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு அடையாற்று ஆலமரமும் கடலும். நாங்கள் வாடகைக்கு எடுத்த பஸ்ஸில், மிஸ்ஸியம்மா யாரோ கொடுத்த காரில்.

ஆலமரத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். எல்லோரும் பாவாடையும் சேலையும் நனையக் கத்திக் கூத்தாடினார்கள். அலையைப் பார்த்தால் எனக்கும் கத்தத் தோன்றும். அதனால் தள்ளிப் போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். முந்தின இரவெல்லாம் இருமல். காற்று சுகமாக இருந்தது. கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது கடற்கரையில் ஒருவரும் இல்லை. பஸ் நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது.

இது எப்படி நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வாத்தியார் தலை எண்ண மாட்டார். பஸ் ஏறியதும் சுருதிக் குழலை ஊதுவார். மேல்குரல், நடுக்குரல், கீழ்க்குரல் மூன்றும் தங்கள் தங்கள் சுரத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் என் காது சொல்லிவிடும் என்பார். சும்மா சொல்லக் கூடாது, சொல்லியும் இருக்கிறது. ஆனால் அன்று என் குரல்தான் காலையிலிருந்தே கணக்கில் இல்லையே. பானையில் போடாத அரிசியை வேகவில்லை என்று யார் தேடுவார்கள்? தொண்டை சரியில்லாதவள் காரில் வருவாள் என்று பஸ் நினைத்தது. பஸ்ஸில் வருவாள் என்று கார் நினைத்தது.

நான் மேட்டில் ஏறி அங்கும் இங்கும் ஓடினேன். குப்பத்திலிருந்து மீன் கூடையோடு ஒரு அம்மாள் வந்தாள். முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும், இரண்டு பக்கமும் மூக்குத்தி. "இன்னா பொண்ணே, யார தேடிக்கினு கீற?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் முள் குத்தியது போல ஒரு வலி, காற்றுதான் வந்தது. பயந்துவிட்டேன். இப்போது பேசினால் சாயங்காலம் குரலே இருக்காது, பூட்டும் உடையும். இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன்: பஸ், கூட்டம், போய்விட்டார்கள்.

அந்த அம்மாள் என் கழுத்துத் துணியையும் கையையும் பார்த்தாள். அவள் குரல் சட்டென்று தணிந்தது.

"அடப் பாவமே, ஊமைப் பொண்ணா நீ?"

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டுவதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். என் வயதுதான். அந்த அம்மாளின் மகள். பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் வராது. நான் கையால் பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

அவள் முகத்தில் நான் கண்ட சந்தோஷத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. தன்னைப் போல ஒருத்தியை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. குப்பத்தில் அவள் ஒருத்திதான் அப்படி. உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்றுகூட நினைத்திருக்கலாம்.

மணலில் ஒரு கோபுரமும் சிலுவையும் வரைந்து காட்டினேன். "மாதா கோயிலா? சாந்தோம் பக்கமா?" என்று கேட்டாள் தாய். தலையாட்டினேன். விளக்கு வைக்கும் நேரம் என்று ஜாடை காட்டினேன். "அதுக்கு இன்னும் பொழுது கீது. அந்தப் பக்கந்தான் மீன் விக்கப் போறேன், இட்டுக்கினு போறேன். வா, ஒரு வாய் துன்னுட்டுப் போலாம், மூஞ்சி வாடிப் போச்சு பாரு" என்றாள்.

குடிசையில் சோறும் மீன் குழம்பும் போட்டாள். புளி தொண்டைக்கு எமன் என்பது எங்கள் வாத்தியார் சட்டம். பசிக்கு முன்னால் எந்தச் சட்டம்? என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிளகு தட்டிப் போட்டு நண்டு ரசமும் வைத்துக் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வரக் குடித்தேன்.

மகளோ சாப்பிட விடவில்லை. அவள் கையிலேயே ஒரு பாஷை வைத்திருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டால் அம்மா. கையை நெளித்தால் கடல். மீசையை முறுக்கிக் காட்டினாள், கடலைக் காட்டினாள், பிறகு கையைக் கவிழ்த்துவிட்டாள். அது அப்பா. நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்யச் செய்ய அவளுக்குத் தாங்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனாள். வலைக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த சில பிள்ளைகள், "ஊமைக்கு ஜோடி ஊமை வந்துகீதுடோய்" என்று கைகொட்டினார்கள். வார்த்தை கேட்காவிட்டாலும் கைகொட்டுவது அவளுக்குப் பழகியது. அன்று மட்டும் அவள் ஒதுங்கிப் போகவில்லை. என் கையைத் தூக்கிப் பிடித்தாள். என் வெள்ளைச் சேலையை, பள்ளிக்கூட வில்லையை, கால் செருப்பை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டி, பிறகு என் வாயைத் தொட்டுத் தன் வாயையும் தொட்டாள். பார்த்துக்கொள்ளுங்கள், இவளும் என் ஜாதிதான் என்று அர்த்தம். பிள்ளைகள் அடங்கிப் போனார்கள்.

கிளம்பும்போது மகள் தலை வார உள்ளே போயிருந்தாள். இப்போது தாயிடமாவது மெதுவாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பூட்டு போனாலும் போகட்டும் என்று வாயைத் திறக்கப் போனேன். அவள் கூடையில் ஈரச் சாக்கை மூடிக்கொண்டே தனக்குத்தானே சொல்கிறவள் போலச் சொன்னாள்: "இத்தினி வயசுல இவ இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல." என் வாய் தானாக மூடிக்கொண்டது.

எங்கள் ஊரில் ஒரு சொலவடை உண்டு. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். நான் போட்டதோ வாயில்லாத வேஷம்.

மூன்று பேரும் நடந்தோம். அடையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு ஜட்கா வந்தது. ஓட்டியவர் ஒரு சாயபு, அந்த அம்மாளுக்குத் தெரிந்தவர்.

"இன்னா அக்கா, மீனுக்கு இன்னிக்கு வெள்ளைப் பொடவை காவலா?"

"காணாப்பூட்ட பொண்ணு பாய். ஊமைப் பொண்ணு. மாதா கோயில்ல வுடப் போறேன்."

"பாட்டுக்காரப் பொண்ணுங்க ஒரு பஸ்ஸு நெறைய அப்பவே போச்சே, அந்தக் கூட்டமா? பாட்டுக் கூட்டத்துல ஊமைக்கு இன்னா வேலை?"

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாடறவங்களுக்குத் தண்ணி மொண்டு குடுக்க ஆள் வாணாமா? ஊமைன்னா நாலு ஊரு பாக்கக் கூடாதா? மீனு இன்னா பேசுதா, கடலே அதுக்குத்தான் கீது."

"சர்தான் தாயே, ஏறு. கூடைய மட்டும் பின்னால கட்டு. குதிரைக்கு மீன் கவுச்சி ஆவாது."

"ஆமா, உன் குதிரை அத்தரு பூசிக்கினுதான் வண்டி இழுக்குது."

மகள் வண்டிக்குள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பாலத்தின் மேல் போகும்போது ஆறு கடலில் கலக்கிற இடத்தைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்படியும் அவளுக்குத் திருப்திதான்.

கோயில் வாசலில் வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து நின்றார். இரண்டு தரம் கடற்கரைக்குப் போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறார். நான் குடிசைக்குள் நண்டு ரசம் குடித்துக்கொண்டிருந்த நேரம். "ஏ பிள்ள, எங்க போய்ட்ட? தொண்ட எப்படி இருக்கு?" என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறாள். நான் உதட்டில் விரலை வைத்துத் தலையை மட்டும் ஆட்டினேன். பூட்டை உடைக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மணி அடித்துவிட்டது. பேச நேரமில்லை. அந்த அம்மாளை நோக்கிக் கும்பிட்டுவிட்டு என்னை உள்ளே இழுத்துப் போனார்.

நாங்கள் பாட நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே தலைவாசல். தாய் கூடையை வெளியே வைத்துவிட்டுப் படியில் நின்றாள். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அழைத்துப் போகத் தாய் கையைப் பிடித்து இழுத்ததும், அவள் அசையாமல் நின்றதும் எனக்குத் தெரிந்தது.

கீர்த்தனை ஆரம்பமாயிற்று. சரணம் வரை வாயைத் திறக்காதே என்று எனக்கு உத்தரவு. எல்லோர் வாயும் திறந்து மூடுகிறது, என் வாய் மட்டும் மூடியிருக்கிறது. அதை அவள் பார்த்தாள். தன் உதட்டையும் இறுக்கி மூடிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வாய்க்கு நடுவே நாம் இரண்டு பேர் என்று சொல்வது போல.

வாத்தியாரின் கை என் பக்கம் திரும்பியது. பாடாமல் நின்றுவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். பக்கத்தில் என் சரணத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக இருந்தாள். ஆனால் அந்தச் சரணம் ஒரு வருஷமாக என் தொண்டையில் காத்துக்கொண்டிருந்தது. பாடினேன். குரல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பாடியதில்லை.

அவள் முதலில் என் வாயைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். எல்லா முகமும் என் பக்கம். பிறகு திரும்பித் தாயைப் பார்த்தாள். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரணம் முடியும்போது வாசலில் யாரும் இல்லை.

ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடியதும் நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடினேன். வெளிக் கதவின் விளக்குக்கு அடியில் தாய் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். மகள் முதுகைக் காட்டி நின்றாள்.

"வாய் கீதா உனக்கு" என்றாள் தாய். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

சளி, வாய்ப்பூட்டு, தனிப்பாட்டு என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கடைசியில், உங்கள் மகள் சிரித்ததைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை என்றும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "எங்கிட்ட எதுக்கும்மா இத்தினி கதை? ஊமைன்னா உனக்குச் சோறு போட்டேன்? காணாப்பூட்ட பொண்ணுன்னு போட்டேன். அவகிட்ட சொல்லு" என்றாள்.

மகளுக்கு எதிரே போய் நின்றேன். அவள் என் முகவாயைப் பிடித்தாள். மீன் புதுசா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அது போல என் வாயைத் திறந்து விளக்கு வெளிச்சத்தில் உள்ளே உற்றுப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்துக் கைகளால் வேகமாக ஏதோ கேட்டாள். தாய் எனக்குச் சொன்னாள்: "உன் வாயிலேர்ந்து இன்னா வந்துச்சு, அத்தினி பேரும் அப்பிடிப் பாத்தாங்களேன்னு கேக்கறா."

மூன்று வருஷமாகப் பாட்டுக் கற்றவள் நான். சுரம் தெரியும், தாளம் தெரியும். கடலைப் போலக் கையை நெளித்துக் காட்டினேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கடல் அவளுக்குத் தெரியாததா? காற்றைக் காட்டினேன். அதற்கும் தலையாட்டினாள். வேறு எதைக் காட்டுவது? என் கைகள் தாமாகவே தொங்கிவிட்டன.

அதைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தும் சொல்ல வழியில்லாமல் நிற்பது என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? முந்தானையை இழுத்து என் கண்ணைத் துடைத்தாள். பிறகு குப்பம் இருக்கிற தெற்குப் பக்கத்தைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், தன் வாயைக் கையால் பொத்திக் காட்டினாள்.

தாய் கூடைக்கு அடியிலிருந்து சிரித்தாள். "குப்பத்துல சொல்ல மாட்டாளாம். அங்க நீ ஊமையாவே இருக்கணுமாம். நானும் சொல்லல போ. அந்தப் பசங்க வாயி அப்பிடியே அடங்கிக் கெடக்கட்டும்" என்றாள். இரண்டு பேரும் சாந்தோம் தெருவில் இறங்கிப் போனார்கள். மீன் மீன் என்று தாய் கூவியது கொஞ்ச தூரம் கேட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். நானும் என் வாயால்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு சென்னைக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டேன். அடையாற்றுப் பாலம் வரை போவேன். அதைத் தாண்டிப் போய், யாராவது பேச்சுக் கொடுத்து, வழக்கம்போல நானும் பேசிவிட்டால் என்ன ஆவது என்று திரும்பிவிடுவேன். அந்தக் குப்பத்தில் என்னை நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால் வெள்ளைச் சேலை கட்டிய ஊமைப் பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் எனக்காகக் காத்துத் தந்த அந்தப் பெயரைத் திருத்திச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.